ஒன்பது சுற்று ஓடிய வண்டி

தாமல் ஏரிக்கரை கண்ணில் பட்டபோது பிற்பகல் நாலு மணி இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, டிரைவர் லைசென்ஸ், பாதி தேய்ந்த சோப்பு. எந்த ஊருக்குப் போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. சாப்பிட்டிருக்கவில்லை. அது புதிதல்ல.

ஒரு வாடகைக் கார் என்னைக் கடந்து போனது. நான் அதன் பின்பக்கக் குழாயைப் பார்த்தேன். புகை இல்லை. பிறகு, இதை ஓட்டுகிறவன் பெட்ரோல் எடுக்கிறவனா இல்லையா என்று யோசித்தேன். ஏன் அப்படி யோசித்தேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் கார் போனால் கார் போகிறது என்று மட்டும் பார்க்கிறவனாகத்தான் இருந்தேன்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓட்டலில் இலை எடுத்து, லாரியில் கிளீனராக இருந்து, ஆற்காட்டுப் பக்கம் ஒரு அரிசி மண்டியில் வேன் ஓட்டக் கற்று, கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளியிடம் கார் டிரைவராகச் சேர்ந்தேன். அறுபதுகளின் முடிவு அது. கார் என்னைவிட நாலைந்து வயதுதான் சின்னது. கறுப்பு நிறம், வெள்ளைக்காரர் காலத்து வண்டி. பெட்ரோல் அளவு காட்டும் முள் நான் சேர்வதற்கு முன்பே செத்துப்போயிருந்தது.

முதலாளிக்கு ஊரைச் சுற்றிக் கிராமங்களில் தறிகள் இருந்தன. தறியில் நீளவாட்டில் பூட்டும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் சரிகையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்து முடித்த சேலைகளை வாங்கிவர வேண்டும். முசரவாக்கம், தாமல், திரும்பி வந்து ஓரிக்கை, பிறகு கடை. இதுதான் ஒரு சுற்று. பெட்ரோல் பங்கில் கழுத்து வரை நிரப்பினால் வண்டி ஒன்பது சுற்று ஓடும். ஒன்பது முடிந்ததும் மறுபடி நிரப்புவோம். மைல் கணக்கு, லிட்டர் கணக்கு எதுவும் முதலாளிக்கு வேண்டாம். ஒன்பது சுற்று, அவ்வளவுதான்.

பட்டுக் கொடுக்கல் வாங்கலில் எல்லாமே நிறுவைதான். கொடுத்த நூலின் எடையும் வந்த சேலையின் எடையும் ஒத்துவர வேண்டும். குறைந்தால், நெய்தவர் நூலை எடுத்துவிட்டார் என்று பொருள். எடை சரியாக இருந்தாலும் முதலாளி விடமாட்டார். சேலையின் மடிப்பைக் கன்னத்தில் வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். ஈரம் காட்டி எடை ஏற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. "நூலுக்குக் கால் கெடையாதுபா" என்பார். "கொறஞ்சிதுன்னா யாரோ கைதான்." முப்பது வருஷம் அந்தக் கன்னத்தால் தொழில் நடத்தியவர்.

நான் சேர்ந்த எட்டாவது மாதம், எட்டாவது சுற்றில், முசரவாக்கம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. டாங்கில் ஒரு சொட்டு இல்லை. டிக்கியில் இருந்த டின்னை எடுத்துக்கொண்டு நடந்துபோய் வாங்கி வந்தேன். வெயிலில் காருக்குள் உட்கார்ந்திருந்த முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை ஏழு சுற்றில் தீர்ந்தது. அப்போதும் கேட்கவில்லை. அன்று கடைக்கு வந்து இறங்கியதும், "கையக் காட்டுபா" என்றார். நீட்டினேன். அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் மோந்து பார்த்தார்.

கடையில் நாலு பேர் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பெட்ரோல் ஆவியாகப் போகக்கூடிய பொருள், வெயிலில் நிறுத்தினால் கொஞ்சம் குறையும் என்று சொல்லிப் பார்த்தேன். இவ்வளவு சீக்கிரம் பதில் தயாராக வைத்திருக்கிறானே என்பதுபோல என்னைப் பார்த்தார். அந்த ஊரில் பட்டுக் கடைகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். ஒரு முதலாளி ஒருவனைப் பெட்ரோல் திருடன் என்று சொல்லிவிட்டால் இன்னொரு வண்டிச் சாவி அவன் கைக்கு வராது. என்னிடம் இருந்தது அந்த ஒரு வித்தைதான். அதனால் திருடனை நானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். திருடன் ஒருவன் இருக்கிறான் என்பதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

முதலில் பங்கில் நிரப்புகிறவரைச் சந்தேகப்பட்டேன். வேறு பங்கில் நிரப்பினோம். அதே ஏழு. பிறகு ஒருநாள் கடையின் பின்கட்டில் நுழைந்தபோது பெட்ரோல் வாசனை அடித்தது. அங்கே சேலைகளை மடித்து அட்டையில் வைக்கும் மடிப்புக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கார் நிற்பது அந்தப் பின்கட்டு வாசலில்தான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆள் இருக்கிறார்களா இல்லையா என்றுகூடப் பார்க்காமல், வண்டியிலிருந்து எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. கையில் இருந்த சேலையை முடித்து அட்டையில் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். மசி பாட்டில். அதில் முக்கால்வாசி பெட்ரோல். தறியில் எண்ணெய்க் கறை பட்ட சேலையைப் பஞ்சில் தொட்டு ஒற்றித் துடைப்பதற்கு அவரே பங்கில் வாங்கி வைத்திருப்பது.

"இதுல ரெண்டு சுத்து ஓடுமா நைனா?" என்றார். "ஓடும்னா சொல்லு. நானே ஒரு வண்டி வாங்கிக்கிறேன்."

வாசலில் இருந்தவர்கள் இப்போது சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது உண்மை. ஆனால் வெட்கம் சந்தேகத்தை விரட்டவில்லை. மறுநாள் அவர் கை கழுவப் போயிருந்தபோது அவருடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து மோந்து பார்த்தேன். புளிச்சோறு.

கடைசியில் மெக்கானிக்கிடம்தான் போனேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். முதலில் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தார், பிரேக் பிடித்து இழுக்கிறதா என்று. இல்லை. டயரில் காற்று சரியாக இருந்தது. டாங்கிலிருந்து வரும் குழாயில் விரலை ஓட்டிப் பார்த்தார், கசிவு இல்லை. பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அடுப்புக் கரி மாதிரி இருந்தது. ஓட்டம் சரியாக இருக்கிற வண்டியில் அது வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டுமாம்.

"வண்டிதான்பா அளவுக்கு மேல குடிக்குது" என்றார். "நீ குடிக்கலை."

அந்த வார்த்தைக்காக அவருக்கு அன்றைக்கே கோயில் கட்டியிருப்பேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரைக் கழற்றி, கழுவி, அதற்கு வரும் கம்பிகளையெல்லாம் புதிதாக முறுக்கி மாட்டிக் கொடுத்தார். வண்டி ஒன்பது சுற்று ஓடியது. நான் முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் சந்தோஷம் இல்லை. அப்போது எனக்கு அது புரியவில்லை.

சித்திரை பிறந்து கல்யாண முகூர்த்தங்கள் வந்தன. சேலைகள் வேகவேகமாகத் தறியை விட்டு இறங்கின. வண்டி எட்டுச் சுற்றுக்கு வந்தது. வைகாசியில் ஏழு. பிறகு ஆறு.

ஒரு நாள் காலை, கடை திறந்து சாம்பிராணி போட்டதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. நெய்தவர் ஒருவரிடம் எடை குறைந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"மெக்கானிக்கு கையில இருந்தப்ப சரியா இருந்துச்சு. உன் கைக்கு வந்தப்புறம் கொறஞ்சிக்கினே வருது. நா இன்னா நெனைக்கறது?"

வெள்ளிக்கிழமை கோயிலில் சூடம் ஏற்றி, அதை அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியுமா என்று கேட்டார். இன்றைக்கே செய்கிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவன் சூடத்துக்குப் பயப்படாதவனாக இருப்பான், அது வேண்டாம் என்று விட்டுவிட்டார். தயங்கியிருந்தாலும் நான்தான் திருடன். அன்று முதல், அவர் சாப்பிடப் போகும்போதுகூட வண்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு போனார்.

அந்த வாரம் முசரவாக்கத்தில் ஒரு வீட்டில் மாம்பழ நிறத்தில் ஒரு முகூர்த்தச் சேலையைத் தறியிலிருந்து அறுத்தார்கள். நான் வெளியே என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சூடான என்ஜினை அணைத்தால் மறுபடி கிளப்புவது அப்போது பெரும்பாடாக இருந்தது. முதலாளி சேலையோடு வந்து ஏறினார். சேலை அறுத்த இடத்திலிருந்து ஒரு பிடி முனைநூலைக் கையில் கொண்டுவந்திருந்தார். அது அவர் வழக்கம். ஒவ்வொரு கல்யாணச் சேலை இறங்கும்போதும் அந்த நூலில் கொஞ்சம் எடுத்து, வண்டிக்குள் முன்பக்கம் கட்டிவிடுவார். அந்தப் பெண் நன்றாக வாழ வேண்டும், அடுத்த பாவும் தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்று. கட்டுவதற்கு டாஷ்போர்டில் துருத்திக்கொண்டிருந்தது ஒரே ஒரு குமிழ்தான். நான் சேரும்போதே அதில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு மூன்று சுற்று இருந்தது. அன்றும் மாம்பழ நிற நூலை அதே குமிழின் கழுத்தில் நாலு சுற்றுச் சுற்றினார். முடிச்சுப் போட்டு இறுக்கி இழுத்தார்.

என்ஜின் சத்தம் மாறியது.

பெரிய மாற்றம் இல்லை. மூக்கடைத்தவன் மூச்சு விடுவதுபோலக் கொஞ்சம் கனத்தது. முதலாளி நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போலாம்" என்றார். நான் கியரைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் குமிழ்தான் சோக். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதை வெளியே இழுத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும், சட்டென்று கிளம்பும். சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். தினமும் காலையில் நான் இழுத்தேன், நான்தான் தள்ளினேன். முட்டும் வரை தள்ளினேன். நேற்று முட்டிய இடத்தில்தான் இன்றும் முட்டுகிறது என்று கை சொன்னது. ஆனால் குமிழுக்கும் பலகைக்கும் நடுவில் நூல் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு சேலைக்கு ஒரு மயிரிழை என்று குமிழ் வெளியே வந்துகொண்டிருந்தது. மெக்கானிக் கம்பியைப் புதிதாக முறுக்கியபோது, குமிழ் நின்ற இடத்தையே மூடிய இடம் என்று வைத்து மாட்டிவிட்டார். அதனால் கொஞ்ச காலம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு முகூர்த்தங்கள் வந்துவிட்டன.

கட்டைவிரலால் குமிழை அழுத்திப் பார்த்தேன். தலையணையை அழுத்துவதுபோல உள்ளே போய், விட்டதும் திரும்பி வந்தது. அழுத்தியபோது சத்தம் தெளிந்தது. விட்டபோது கனத்தது.

"மொதலாளி, இத கேளுங்க" என்று அழுத்தியும் விட்டும் காட்டினேன்.

அவர் சத்தத்தைக் கேட்கவில்லை. என் விரல் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்த்தார்.

"நூல்லருந்து கைய எட்றா. கல்யாணச் சேலை நூலு. அதும்மேல பழி போட்றியா?"

பழி போடவில்லை, வேறு இடத்தில் கட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன் என்றேன். ஓரிக்கை போய்த் திரும்பினோம். அவர் கடைக்குப் போகச் சொல்லவில்லை. ரயில்வே கேட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார். என் வார்த்தை போதாது, எனக்குச் சம்பந்தமில்லாதவன் வார்த்தை வேண்டும் அவருக்கு. மெக்கானிக் உனக்கு வேண்டிய ஆள் இல்லையே என்று வழியில் ஒரு தரம் என்னைக் கேட்டுக்கொண்டார்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, கம்பி வந்து சேரும் இடத்தை முதலாளிக்குக் காட்டினார். சூடான என்ஜினில் முழுக்க மூடியிருக்க வேண்டிய கூடுதல் பெட்ரோல் வழி கால்வாசி திறந்து நின்றது. "நா ஒயர மாட்டி வுட்டப்பவே இத பாத்திருக்கணும்" என்று தன்மேலேயே போட்டுக்கொண்டார். நூலைத் தொட அவரும் துணியவில்லை.

முதலாளி தானே அவிழ்த்தார். பட்டு முடிச்சு, சுலபத்தில் விடாது. நகத்தால் நெருடி, பல்லால் கடித்து, ஒவ்வொன்றாக. கத்தி கேட்கவில்லை. எல்லாவற்றையும் கைக்குட்டையில் சேர்த்து முடிந்தபோது ஒரு எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. கடைசி நூல் வந்ததும் மெக்கானிக் கம்பியைத் தளர்த்தி மாட்டினார், நான் குமிழைத் தள்ளினேன். டக் என்று ஒரு சத்தத்தோடு போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை நான் அந்த வண்டியில் கேட்டதே இல்லை.

அன்றே நிரப்பினோம். முதலாளி பங்கில் இறங்கி நின்று, பெட்ரோல் கழுத்து வரை வருவதைக் கண்ணால் பார்த்தார். நான் சுற்றுகளை எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்பது முடிந்தும் வண்டி நிற்கவில்லை, பத்தாவது சுற்றில் தாமல் வரை போனது. அங்கே தீர்ந்ததும் டின்னில் இருந்ததை ஊற்றித் திரும்பி வந்து, கடை வாசலில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். பெரிதாக எதுவும் எதிர்பார்க்கவில்லை. நீ எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை. அதையும் என்னிடம் தனியாகச் சொன்னால் போதாது, அன்று கையை மோந்து பார்த்த அதே இடத்தில், அந்த நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும்.

அவர் இறங்கி, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"நூலு ஒரு சுத்தோ ரெண்டு சுத்தோ தின்னுருக்கும். ஆறுக்கு வந்துச்சேபா. மிச்சம்? மாட்டிக்கினோம்னு தெரிஞ்சி நிறுத்திட்ட. போவட்டும். நா பெருசு பண்ணலை. வேலையப் பாரு."

மறுநாள் காலை டாங்க் மூடிக்கு ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு தொங்கியது. கொல்லரிடம் சொல்லி வளையம் வைத்து அடித்திருந்தார். நூல் உருண்டையைக் கைக்குட்டையோடு சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

நான் பகல் வரை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. திருடன் நிறுத்தினாலும் ஒன்பது சுற்று ஓடும். குமிழ் சரியானாலும் ஒன்பது சுற்று ஓடும். எது என்று வண்டி சொல்லாது. எனக்கே ஒரு நிமிஷம், ஆறுக்கு வந்ததில் ஒரு சுற்றை வேறு யாராவது எடுத்திருப்பார்களோ என்று தோன்றியது. உடனே கண் பின்கட்டுப் பக்கம் போனது. அப்போதுதான் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மடிப்புக்காரரிடம் போய், நான் கிளம்புகிறேன், சொல்லிவிடுங்கள் என்றேன். அன்றைக்கு அவரைக் கேட்டது தப்பு என்றும் சொன்னேன். தூக்கை மோந்து பார்த்ததைச் சொல்லவில்லை.

அவர் ஒரு சேலையின் தலைப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"நீகூடதான் என்னைக் கேட்ட. நா வேலைய வுட்டுட்டா பூட்டேன்?" என்றார். "உனக்குப் பை ஒன்னு. தோள்ல மாட்டிக்கினு பூடுவ. போ நைனா, போ."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை தாமல் ஏரிக்கரை வரை என்கூடவே வந்தது. போகிறவனைத்தான் ஊர் திருடன் என்று முடிவு கட்டும் என்பதும் பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பிப் போனாலும் அதேதான். நடந்துகொண்டிருந்தேன்.

இரவு ஏரி மதகுக்குப் பக்கத்தில் ஒரு களத்தில் படுத்தேன். யாரும் விரட்டவில்லை.

விடிந்ததும் எங்கோ ஒரு ஆயில் என்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் என்ஜின். நாலு அடி அடித்து ஒரு அடி தவறியது. பிறகு நின்றது. மறுபடி யாரோ கைப்பிடியைச் சுற்றிக் கிளப்ப முயன்றார்கள். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். வேர்க்கடலைக் காட்டுக்கு நடுவில் ஒரு விவசாயி, நாற்பது வயதுக்காரர், வியர்த்து நின்றிருந்தார். பார்க்கட்டுமா என்று கேட்டேன். டீசல் குழாயில் காற்று அடைத்திருந்தது. திருகைத் தளர்த்தி, நுரை போய் நல்ல டீசல் வரும் வரை விட்டு, மூடினேன். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

எங்கே வேலை செய்தாய் என்றார். சொன்னேன். ஏன் விட்டாய் என்றார். வேறு ஏதாவது சொல்லலாம் என்று நாக்கு வரை வந்தது. ஆனால் காஞ்சிபுரம் ஒன்றும் தூரத்தில் இல்லை.

"பெட்ரோல் திருடினேன்னு சொன்னாங்க" என்றேன்.

"திருடினியா?"

"இல்ல."

அவர் தண்ணீர் வாய்க்காலில் விழுவதைப் பார்த்தார். பிறகு, சாப்பாடும் களத்தில் படுக்க இடமும் உண்டு, கடலை பிடுங்கும் வரை என்ஜினைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். சரி என்றேன். கொட்டகை மூலையில் இருந்த டீசல் பீப்பாயைக் காட்டி, வேண்டிய அளவு ஊற்றிக்கொள் என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இவ்வளவு சீக்கிரம் நம்புகிற ஆள் பின்னால் என்ன செய்வார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

பீப்பாயில் எவ்வளவு இருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன்.

"அதப் பாக்க எனக்கு நேரம் இருந்தா உன்ன எதுக்குப்பா வெக்கறேன்?" என்றார்.

நான் என்ஜினை அணைத்துவிட்டு, பீப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வாய்க்காலில் தண்ணீர் வடிந்தது. அவர் என்னைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து எடுத்து வந்து, பீப்பாய்க்குள் விட்டு, நனைந்த இடத்தை என் முகத்துக்கு நேரே காட்டினார். நான் பார்த்துக்கொண்டேன். பிறகு போய்க் கைப்பிடியைச் சுற்றினேன்.